சீட்டு ஒட்டாத பெட்டி

கிடங்கில் அவளுக்குப் பேர் சீட்டு. வயதில் சின்னவர்களுக்குச் சீட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைத் தேடுகிறான் இவன் என்று அவளே சுற்றுமுற்றும் பார்ப்பாள்.

மீனும் பட்டாணியும் கல்லாக உறைந்து கிடக்கிற குளிர்கிடங்கு அது. உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் என்ன சரக்கு, என்றைக்கு வந்தது, எந்தத் தட்டுக்குப் போகிறது என்று எழுதிச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை. மைனஸ் பதினெட்டு டிகிரியில் பசை சும்மா ஒட்டிவிடாது. பெட்டிமேல் படிந்த பனியை முழங்கையால் தேய்த்து, சீட்டை வைத்து, பத்து எண்ணும்வரை உள்ளங்கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். அவள் ஒட்டிய சீட்டைப் பிய்க்கப் பெட்டியைத்தான் கிழிக்க வேண்டும் என்று சுமை ஏற்றுகிறவர்கள் சொல்வார்கள். அது பாராட்டா, புலம்பலா என்பது சொல்கிறவனைப் பொறுத்தது.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டவளும் அவள்தான். சீட்டு இல்லாத பெட்டி அநாதை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் யாரும் வந்து கேட்காவிட்டால், பிரித்துக்கூடப் பார்க்காமல் கழிவு வண்டியில் ஏற்றிவிட வேண்டும். என்ன சரக்கு, எத்தனை நாள் பழசு என்று தெரியாத பெட்டியால் ஒரு முறை பதினேழு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதற்குப் பிறகு வந்த சட்டம் அது. தன் கையாலேயே எழுதிக் குளிர் அறைக் கதவில் ஒட்டியிருந்தாள்.

அவளுடைய இடது தோளின் பின்பக்கமும் மேல்கையிலும் மிளகு தூவினதுபோல ஒரு டஜன் பருக்கள் இருந்தன. சிவப்பும் பழுப்புமாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். வெளியில் இருக்கும்போது அவை சாது. குளிர் அறைக்குள் போய்க் கால்மணி ஆனால் போதும், ஒவ்வொன்றையும் குறடு வைத்துத் திருகுகிற மாதிரி வலிக்கும். சின்ன வயதில் அவளும் அக்காவும் அதற்குக் 'கிள்ளி' என்று பேர் வைத்திருந்தார்கள். அக்காவுக்கும் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தால், "கிள்ளி முழிச்சிக்கிச்சுடி" என்பாள் அக்கா. அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத வார்த்தை. பின்னாளில் ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொன்ன காகிதத்தில் 'வேறு நோய் ஏதேனும் உண்டா' என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்றுதான் எழுதினாள். மூக்கு கோணல் என்று யாராவது நோய்க் கணக்கில் எழுதுவார்களா?

கிடங்கில் நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்து நடக்கிற சுமைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பேர் ஒட்டகம். அவள் தோளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் அவர் கேட்பார்.

"என்ன சீட்டு, உள்ள யாரு உன்னைக் கிள்றது?"

"உங்க பொண்டாட்டிதான். உங்களைத் தேடித்தான் வந்தாங்களாம். ஆளு தூங்குறாருன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அப்படிப் பேசித் திரிந்தவள்தான் மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு கரு நின்று, இரண்டும் கலைந்தது; இரண்டாவது கலைந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கருப்பைச் சுவரில் கட்டி இருக்கிறது, நார்க்கட்டிதான், பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு வருவது, எடுத்துவிட்டால் குழந்தை தங்கும் என்றார்கள். கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் அன்றைக்கு வேனை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரி நடையில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் மணி கேட்டுக்கொண்டிருந்தாராம். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

தையல் பிரிப்பதற்கு முன்னால் ரிப்போர்ட் வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மேலே விரலை வைத்துக்கொண்டே பேசினார்.

"செல்லெல்லாம் பாக்க நல்லா இல்லம்மா. ஒவ்வொண்ணும் ஒரு தினுசா, கோணல்மாணலா இருக்கு. கேன்சர்னு உறுதியாவும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. 'தன்மை தெரியாத கட்டி'ன்னுதான் எழுதியிருக்காங்க. ரிஸ்க் எடுக்க வேணாம். கருப்பையை எடுத்துடலாம். அடுத்த புதன் விட்டு அதுக்கடுத்த புதன்."

"இல்லைன்னு ஆகிட்டா?"

"எடுத்தப்புறம்தான் தெரியும்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "நீ இருந்தாப் போதும் எனக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவளுக்கோ, வீட்டை இடித்தாகிவிட்டது, இனி மண்ணைக் கூட்டிவிடலாம் என்கிற மாதிரி காதில் விழுந்தது. ஏனென்றால் அந்தக் கதையை அவள் ஏற்கெனவே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு இருபத்தேழு வயதில் இதே கட்டி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இன்னொரு ஆஸ்பத்திரியில். அங்கே இழுத்தடிக்கவில்லை. கேன்சர் போலத்தான் இருக்கிறது என்று எழுதி, கருப்பையை எடுத்தார்கள். அக்காவின் புருஷன் ஒரு வருஷம் பொறுத்தான். பிறகு வேலை விஷயமாக வெளியூர் போனான், போனவன் போனவன்தான். அன்றிலிருந்து அக்கா தங்கையோடு இருக்கிறாள். வீட்டிலேயே மெஷின் வைத்துப் பை தைக்கிறாள். ஒரு தலைவலி, ஒரு இருமல் வந்தால் போதும், "வந்துடுச்சு போல இருக்குடி" என்பாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்ட குடித்தனக்காரி மாதிரி, எந்தச் சாமானையும் முழுசாகப் பிரித்து வைக்காமல் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தாள்.

ரிப்போர்ட்டைக் கேட்டதும் அக்கா அழவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"சீக்கிரம் எடுத்துடு. இழுத்தா பரவிடும்னு என்கிட்ட சொன்னாங்க."

சீட்டு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. என்ன சரக்கு என்று தெரியாமல் எந்தப் பெட்டியையும் அவள் தட்டில் ஏற்றியதில்லை. இவர்கள் பேர் தெரியாத ஒன்றுக்காகத் தட்டையே பெயர்க்கிறேன் என்கிறார்கள். ரிப்போர்ட்டோடு தந்த இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நோயாளியைப் பார்க்காமல் திசுவை மட்டுமே பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் ஏழெட்டு நிமிஷம் நிமிரவில்லை.

"முகம் ரவுடி மாதிரிதான் இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா ரவுடி வேலை செஞ்ச மாதிரி தெரியல. செல் அவ்வளவா பெருகல, திசு செத்துப்போன இடமும் இல்ல. சில நல்ல கட்டிங்க பாக்க இப்படித்தான் பயமுறுத்தும். முகத்தைப் பாத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, ஜீனைப் பாக்கணும். அதுக்கு பிளாக் வேணும்."

கட்டியிலிருந்து வெட்டிய துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். பழைய ஆஸ்பத்திரியில் விசாரித்தால் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. மிச்சக் கட்டியைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். மூன்று நாள் நடையாய் நடந்து, நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கையில் வாங்கினாள். தீப்பெட்டியை விடச் சின்னது. வெள்ளை மெழுகுக்குள் விரல்நகம் அளவு சாம்பல் நிறத் துண்டு. கொடுத்தவர், "வெயில்ல வெச்சிடாதீங்க, மெழுகு உருகிடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைதான் வாங்குவார்கள். இடையில் இரண்டு நாள். கோடை உச்சத்தில் இருந்தது. அவள் வீடு தகரக் கூரை, மத்தியானத்தில் எண்ணெய் பாட்டில்கூடச் சூடாகிவிடும். ஃப்ரிட்ஜ் கிடையாது. பதினோரு வருஷம் குளிரில் வேலை செய்தவளுக்கு, கெடக்கூடாத பொருளை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போது, பிளாக்கைப் பஞ்சில் சுற்றி, ஒரு காலிப் பெட்டிக்குள் வைத்து மூடி, குளிர் அறையின் கடைசித் தட்டில் தள்ளி வைத்தாள்.

பழக்கதோஷத்தில் கை சீட்டை எடுத்தது. பேனாவையும் எடுத்தது. என்ன சரக்கு என்கிற இடத்துக்கு வந்து பேனா நின்றுவிட்டது. என்ன எழுதுவாள்? கட்டி என்றா? கேன்சர் என்றா? தன் கையால் அந்த வார்த்தையை எழுதி, பத்து எண்ணும்வரை அழுத்தி ஒட்டுவதா? சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பத்து மணிக்குத் தையல் போட்ட இடம் இழுக்கிற மாதிரி இருந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் கடைசித் தட்டு துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

ஒட்டகம் ட்ராலி தள்ளிக்கொண்டு வந்தார்.

"இங்க ஒரு பெட்டி இருந்துச்சு."

"ஆமா, அநாதை. காலிப் பெட்டி மாதிரி வெயிட்டே இல்ல. சனிக்கிழமை வண்டியில ஏத்திட்டேன்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு கதவுல நீதானே எழுதி ஒட்டியிருக்க." சிரிக்கலாம் என்று வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ட்ராலியை விட்டார். "என்ன சீட்டு, என்ன இருந்துச்சு அதுல?"

சனிக்கிழமைச் சட்டத்தையே மறந்து லீவில் போனதையும் சேர்த்து அவள் சொன்னாள். ஒட்டகம் கதவில் இருந்த சட்டத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை போன வண்டி அன்றைக்கே குப்பை எரிக்கிற உலையில் கொட்டிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் தேடினார்கள். மனசு இருக்கிறதே, அது செத்த மாட்டுக்கும் புல் பிடுங்கும். தட்டு தட்டாக, வரிசை வரிசையாக, வேறு எங்காவது மாற்றி வைத்திருப்பார்களோ என்று நாலு அறையையும் புரட்டினார்கள். அரைமணிக்கு ஒருமுறை வெளியே வந்து கைக்குச் சூடு காட்ட வேண்டும் என்பது கிடங்கின் இன்னொரு சட்டம். அவள் வரவில்லை. கிள்ளிகள் விழித்துக்கொண்டு தோளைப் பிய்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பினாள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து, அவள் சீட்டு. என்ன சரக்கு, என்ன தேதி, எந்தத் தட்டு. ஒன்பது மணிக்கு ஒட்டகம் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"விடும்மா. போனது போச்சு. போய் அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்லு. திட்டுனா வாங்கிக்க. திட்டு வாங்குனவ எவளும் செத்ததில்ல."

அவரே பஸ் ஏற்றிவிட்டார். ஆபரேஷன் வைத்திருந்த புதன்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது.

டாக்டரம்மாவின் அடித்தள அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நேராக அதன் கீழேதான் நாற்காலி. உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மூன்று முறை தோளைப் பிடித்துக்கொண்டு வளைந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதைப் பார்க்கையில், திட்டியிருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"உலகத்துல இருந்தது அந்த ஒரு துண்டுதாம்மா" என்றார். பிறகு, "தோள்ல என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். கிள்ளி."

"என்னது?"

"பரு மாதிரி இருக்கும். சின்ன வயசுலேந்து இருக்கு. குளிர் பட்டா வலிக்கும். காலையிலேந்து உள்ளயே இருந்தேன்ல, அதான். எங்க வீட்ல எல்லாருக்கும் இருக்கு."

டாக்டரம்மா எழுந்துவந்து ஏசியை நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு, தோளைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு பருவாக விரல் வைத்துப் பார்த்தார். நோயாளியைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும், விரல் தயங்கித் தயங்கி நகர்ந்தது.

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

"அக்காவுக்கு. அம்மாவுக்கும் இருந்துச்சு."

"அக்காவுக்குக் கருப்பைக் கட்டி?"

"இருந்துச்சு மேடம். கேன்சர்னு கருப்பையை எடுத்துட்டாங்க. ஒன்பது வருஷமாச்சு."

"அம்மா?"

"நாப்பத்திரண்டு வயசுல போய்ட்டாங்க. முதுகு வலி, முதுகு வலின்னு கெடந்தாங்க. ஒண்ணுக்கோட ரத்தமா போச்சு."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இந்தத் தடவை ஏழெட்டு நிமிஷம் ஆகவில்லை.

"உடம்புல ஒரு ஜீன் இருக்கு" என்றார். "எல்லாருக்கும் அது ரெண்டு காப்பி. சில வீட்ல பிறக்கும்போதே ஒண்ணு கோளாறா இருக்கும். மிச்சம் இருக்கறதும் ஒரு செல்லுல கெட்டுப்போனா, அந்த இடத்துல கட்டி வரும். அப்படி வர்ற கருப்பைக் கட்டி பாக்க கேன்சர் மாதிரியே இருக்கும், கேன்சரா இருக்காது. தோள்ல வர்றதும் அதே ஜாதிதான். இந்தக் கிள்ளியை யாருமே உங்ககிட்டக் கேக்கலையா?"

"வயித்து டாக்டர்கிட்டப் போய்த் தோளை எப்படி மேடம் காட்டுறது?"

அன்றைக்கே ஒரு கிள்ளியை வெட்டி எடுத்தார்கள். ஜீன் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். இருந்த இரண்டு ஸ்லைடில் ஒன்றின் சாயத்தைக் கழுவி, அந்த ஜீன் உண்டாக்குகிற புரதம் கட்டியில் இருக்கிறதா என்று காட்டுகிற வேறு சாயம் ஏற்றிப் பார்க்கலாம், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் டாக்டருக்கு அவரே போன் போட்டார். இந்தப் பக்கம் கேட்டதெல்லாம், "புரியுது… புரியுது… ஆனா ஒரு மூணு வாரம்" என்பதுதான். மூன்று வாரம், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்று முடிந்தது.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? அவள் வேலைக்குப் போனாள். சீட்டு ஒட்டினாள். ஒருநாள் பட்டாணிப் பெட்டியில் மீன் என்று எழுதினாள். ஒட்டகம் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திருத்தினார். அக்கா பேச்சையே விட்டுவிட்டாள். பேசினால் ஒரே பேச்சுதான், "நாள் கடத்துற. எனக்குச் சொன்ன மாதிரியே பரவப்போகுது." வீட்டுக்காரர் பேப்பரில் கேன்சர் என்று வந்த பக்கத்தையெல்லாம் மடித்து வேனின் இருக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார். பரவியிருந்தால் தன் பிடிவாதத்தால் சாகப் போகிறோம், பரவாமல் இருந்து எடுத்துவிட்டால் வீணாக இழக்கப் போகிறோம். இரண்டு பக்கமும் கிணறு, நடுவில் ஒற்றைச் சுவர். அதன்மேல் இருபது நாள் நின்றாள். ஒருநாள் குளிர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அங்கே மோட்டார் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. கண்ணீர் இமையில் உறைந்து ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இருபதாம் நாள் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரருக்குப் பள்ளி விடுகிற நேரம். அக்காதான் கூட வந்தாள்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் அவளையே குனிந்து பார்க்கச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளுத்த பரப்புக்கு நடுவில் அங்கங்கே பழுப்பு வளையங்கள்.

"பழுப்பா இருக்கறது ரத்தக்குழாய். அதுல அந்தப் புரதம் இருக்கு. வெளுத்துக் கெடக்குதே, அதுதான் உங்க கட்டி. அதுல சுத்தமா இல்ல. தோள்லேந்து எடுத்ததுலயும் இல்ல. ரத்தத்துல ஜீன் கோளாறு வந்திருக்கு. மூணும் ஒரே கதையைச் சொல்லுது. நாங்க நாலு பேர் உக்காந்து பேசிட்டோம், உங்க டாக்டரும் ஒத்துக்கிட்டார். இது கேன்சர் இல்ல. கருப்பையை எடுக்க வேண்டாம்."

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கலைந்துவிடும் போலிருந்தது.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றார் டாக்டரம்மா. "இந்த ஜீன் கருப்பையில பயமுறுத்தும், ஆனா கொல்லாது. கிட்னியில அப்படி இல்ல. அங்க வந்தா அது நெசமாவே கேன்சர், வேகமா போகும். எல்லாருக்கும் வர்றதில்ல. ஆனா வருஷா வருஷம் ஸ்கேன் பாக்கணும், சாகுற வரைக்கும். உங்க அம்மாவுக்கு அதுவாத்தான் இருந்திருக்கும். குழந்தை பிறந்தா அதுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. யோசிச்சு முடிவு பண்ணுங்க." பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்களும் ரத்தம் குடுக்கணும்மா."

அக்கா அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. சேலையை விலக்கித் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ என்னோடது?"

டாக்டரம்மா அக்காவின் தோளை ஒருதரம் பார்த்தார்.

"என்னோடதும் இதுவா மேடம்?"

"பாக்காம சொல்ல முடியாது. பிளாக்கைப் பத்து வருஷம் வெச்சிருப்பாங்க. இருந்தா எடுத்துட்டு வாங்க, பாத்துடலாம்."

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தெரிந்து என்ன ஆகப் போகிறது, போன கருப்பை வருமா, போன புருஷன் வருவானா என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி வந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும், "அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம் எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும்டி?" என்று கேட்டாள்.

திறந்திருந்தது. இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் அரைமணி தேடி, ஒரு ஊழியர் வரிசை எண் பார்த்து எடுத்துக் கொடுத்தார். சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் மஞ்சளாகிப்போன மெழுகுத் துண்டு. உறையின்மேல் சீட்டு ஒட்டியிருந்தது. அக்காவின் பேர், வயது இருபத்தேழு, தேதி. கீழே மங்கலான மையில் கேன்சர் என்பதற்கு அவர்கள் எழுதுகிற பெரிய பேர். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒன்பது வருஷமாக அக்காவிடம் யாரும் அந்தக் கேள்விக்குறியைச் சொல்லவில்லை.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் சீட்டின் ஓரத்தைச் சுரண்டினாள். கொஞ்சம் எச்சில் தொட்டுச் சுரண்டினாள். அசையவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க" என்றாள் தங்கையிடம். "உன்னை மாதிரி எவளோதான்."

தங்கை அந்த உறையை அக்கா கையிலிருந்து வாங்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய இடம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். வெளியே வெயில் நின்று எரிந்தது. அக்கா பிளாக்கை முந்தானையில் சுற்றி, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சுவரோர நிழலாகப் பார்த்து முன்னால் நடந்தாள்.